சூட்டு வலி என்று சொல்வது யார்?

(செவிலியர் கல்லூரி ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மகப்பேறு பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். லேபர் வார்டுக்குள் நடப்பதை உங்கள் ஆசிரியைகள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடு வந்த ஒருத்தியை, அல்லது பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியை, ‘நீ வீட்டுக்குப் போகலாம்’ என்று அனுப்புகிறோமே, அந்த வாசல்.

உங்கள் வீடுகளில் ‘சூட்டு வலி’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நிறைமாதக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினால், பாட்டி சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொடுப்பாள். குடித்ததும் வலி அடங்கினால் சூட்டு வலி. கூடிக்கொண்டே போனால் வண்டியைக் கூப்பிடச் சொல்வாள். பிரசவ வலியைப் பிரித்தறியும் சக்தி சீரகத்துக்கு உண்டு என்று நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் கஷாயம் கொதித்து, ஆறி, குடித்து முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் முழுவதும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வலி எத்தனை தடவை வந்தது, வரும்போது பேச்சு நின்றதா, கால் விரல் மடங்கியதா என்று கவனிப்பாள். மருந்து சீரகத்தில் இல்லை, அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது. இது எனக்குப் புரிய ஒரு பெண் பேருந்து நிலையத்தில் பிள்ளை பெற வேண்டியிருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஒரு சிறு நகர மருத்துவமனை. ஊரும் பெயரும் வேண்டாம். நான் இரவு டியூட்டி டாக்டர். வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தரையில் பாய். சாயங்காலம் ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். மூன்றாவது பிரசவம். உள்பரிசோதனை செய்தேன், இரண்டு விரல் அளவு திறந்திருந்தது. வலி விட்டு விட்டு வந்தது. ‘சூட்டு வலிதாம்மா, வலி கூடினால் வாங்க’ என்றேன். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு, ‘டாக்டரம்மா, இது மூணாவது. ரெண்டாவது வீட்டு வாசப்படியிலயே பொறந்துட்டான். எங்க ஊருக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு’ என்றாள். நான் அடுத்த கேஸ் ஷீட்டை எடுத்துவிட்டேன்.

எட்டு மணிக்குள் ஒரு பூக்காரம்மாளும் ஒரு கண்டக்டரும் அவளை ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பஸ் ஸ்டாண்டிலேயே பிறந்திருந்தது. பூக்காரம்மாளின் சேலையில் சுற்றியிருந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதில் என் பங்கு ஒன்றுமில்லை. மாமியார் என்னைத் திட்டவில்லை. ‘நான் சொன்னேனேம்மா’ என்றாள், அவ்வளவுதான்.

எங்கே தவறினேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இரண்டு விரல் திறந்தவளை வீட்டுக்கு அனுப்பியது மட்டுமே தவறில்லை. வலியின் தொடக்க நிலையில் இருப்பவளை அவசரப்பட்டுச் சேர்த்துக்கொண்டால் தேவையில்லாத ஊசியும் ஆபரேஷனும் கூடும் என்பது உண்மை. உலக சுகாதார அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஐந்து சென்டிமீட்டர் திறப்பிலிருந்துதான் வலி முழுவேகம் எடுப்பதாகக் கணக்கிடுகிறது. என் தவறு, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது. பிரசவ வலி ஒரு நிலை இல்லை. அது ஓர் ஓட்டம். ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல இரண்டு நேரம் பார்க்க வேண்டும். நான் ஒரு நேரம்தான் பார்த்தேன்.

‘இது மெய் வலி இல்லை’ என்று யார், எப்போது சொல்லலாம் என்ற கேள்விக்கு விதியாகவே விடை எழுதி வைத்திருக்கிறது ஒரு நாடு. அந்த விதி பிறந்த கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1980களில் ஒரு வழக்கம் பெருகியிருந்தது. கையில் காசோ காப்பீடோ இல்லாத நோயாளி வந்தால், தனியார் மருத்துவமனைகள் அவரை ஆம்புலன்சில் ஏற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும். ‘நோயாளியைக் கொட்டுவது’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள், குப்பையைக் கொட்டுவது போல. வலியெடுத்த பெண்களும் அப்படி அனுப்பப்பட்டார்கள். 1986 ஏப்ரலில் அதிபர் ரீகன் கையெழுத்தில் ஒரு சட்டம் வந்தது. அவசர மருத்துவமும் பிரசவ வலியும் என்று பெயரிலேயே இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சட்டம் அது. அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை, முதியோருக்கான அரசுக் காப்பீட்டுப் பணத்தைப் பெறுகிறது என்றால், வாசலுக்கு வந்தவரைப் பரிசோதிக்க வேண்டும். ஆபத்து இருந்தால் நிலைப்படுத்த வேண்டும். பணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அதைத் தாமதிக்கக் கூடாது.

சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு, டிசம்பர் 5. டெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா நகரம். ஏறக்குறைய நிறைமாதமான ஒரு பெண் வலியோடு மருத்துவமனைக்கு வந்தாள். ஆறாவது பிள்ளை. அதுவரை எந்த மருத்துவரையும் பார்த்திருக்கவில்லை. செலவுக்கு வழியும் இல்லை. நர்ஸ்கள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள்: 210/130. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த நிமிடமும் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம். அன்று அழைப்பில் இருந்த மகப்பேறு மருத்துவர் வந்து பார்த்தார். 170 மைல் தொலைவில், கால்வெஸ்டனில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சேலம் பாதையில் முக்கால்வாசி தூரம்.

இந்த இடத்தில் ஒரு நர்ஸ் செய்ததைக் கவனியுங்கள். நர்சிங் மேற்பார்வையாளர், இப்படி அனுப்புவது புதிய சட்டத்தை மீறுவதாகும் என்று மருத்துவரிடம் சொன்னார். சட்டத்தின் விதிகள் அச்சிட்ட தாளையும் கையில் கொடுத்தார். மருத்துவர் அதை மதிக்கவில்லை. மாற்றி அனுப்புவதால் வரும் நன்மை ஆபத்தைவிடப் பெரிது என்று சான்றளிக்கும் படிவத்தில், அதைப் படிக்காமலே கையெழுத்திட்டார்.

ஆம்புலன்சில் ஒரு நர்ஸ் கூடப் போனார். நாற்பது மைல் தாண்டியதும் பிள்ளை பிறந்துவிட்டது. உதிரப்போக்கை நிறுத்த ஊசி மருந்து இல்லை. வழியில் இருந்த ஒரு சிறு மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பி அங்கே வாங்கினார்கள். அங்கிருந்து தொலைபேசியில் கேட்டபோது கால்வெஸ்டனுக்கே போகச் சொன்னார் மருத்துவர். தாயின் விருப்பப்படி நர்ஸ் வண்டியை விக்டோரியாவுக்கே திருப்பினார். திரும்பி வந்தவளைப் பார்க்க அந்த மருத்துவர் மறுத்தார். உதிரம் அதிகம் போகவில்லை, நிலை சீராக இருக்கிறது என்றால் டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள் என்றும் சொன்னார். பின்னர் வேறொரு மருத்துவர் அவளை ஏற்றுக்கொண்டார். மூன்று நாள் இருந்து நலமாக வீடு திரும்பினாள். அனுப்பிய மருத்துவருக்கு 20,000 டாலர் அபராதம். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

‘தாயும் பிள்ளையும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்’ என்று யாராவது கேட்கலாம். என் பஸ் ஸ்டாண்டுக் குழந்தையும் நன்றாகத்தான் இருந்தான். முடிவு நல்லதாக அமைந்ததால் செயல் சரியாகிவிடாது என்பதைத்தான் அந்தத் தீர்ப்பில் நான் படிக்கிறேன். அனுப்பிய நிமிடத்தில் கையில் என்ன தகவல் இருந்தது, அதை வைத்து என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

இப்போது அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த வரிக்கு வருகிறேன். அதன் கருத்தை என் சொற்களில் சொல்கிறேன். கருப்பை சுருங்கி விரிந்து வலி வரும் பெண் மெய்யான பிரசவ வலியில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். தகுதியுள்ள ஒருவர், போதிய நேரம் கூட இருந்து கவனித்தபின், இது பொய் வலி என்று சான்று தந்தால் மட்டும் அது மாறும். பிரசவம் என்பது தொடக்க வலியில் ஆரம்பித்து நஞ்சுக்கொடி விழும்வரை என்று அதே விதி சொல்கிறது. வலியில் இருப்பவள் ‘நிலைப்பட்டாள்’ என்றால், பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்துவிட்டன என்று பொருள்.

நம் வார்டுகளில் வழக்கு எப்படி நடக்கிறது? ‘உனக்கு மெய் வலிதான் என்று நீ நிரூபி’ என்கிறோம். அந்த விதி சுமையை இடம் மாற்றுகிறது. உள்ளே இருக்க ஆதாரம் வேண்டாம். வெளியே அனுப்பத்தான் ஆதாரம் வேண்டும். சந்தேகம் வந்தால் அது தாயின் பக்கம் சாய வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

உங்களுக்கு இன்னொரு செய்தியும் இதில் உண்டு. முதலில் இந்தச் சான்றை மருத்துவர் மட்டுமே தர முடியும் என்றிருந்தது. 2006இல் திருத்தினார்கள். பயிற்சி பெற்ற மருத்துவச்சிச் செவிலியரும், மருத்துவமனை தகுதி அளித்த பிறரும் தம் வரம்புக்குள் சான்றளிக்கலாம் என்றானது. காரணம் எளிது: பக்கத்தில் இருந்து பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

அந்தச் சட்டத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாட நான் வரவில்லை. அது சிகிச்சையை இலவசமாக்கவில்லை. பிழைத்து வீடு போனவளைத் தேடிப் பின்னாலேயே பில் வரும். நல்லெண்ணத்தோடு உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் அந்தச் சட்டத்தின் கடமை அத்தோடு முடிந்தது என்று 2003இல் விளக்கம் வந்தது. ஆகவே பிரசவத்துக்குப் பிறகான வாசலுக்கு வேறு சட்டம் தேவைப்பட்டது.

அதுவும் ஒரு கதை. 1990களில் அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் செலவைக் குறைக்க, பிள்ளை பெற்ற ஒரே நாளில், சில சமயம் அதற்கும் முன்பே, தாயை வீட்டுக்கு அனுப்ப வைத்தன. காரில் உட்கார்ந்தபடியே உணவுப் பொட்டலம் வாங்கிப் போகும் கடைகளோடு ஒப்பிட்டு மக்கள் கேலி பேசினார்கள். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். முதல் நாளே வீட்டுக்குப் போன குழந்தையை அப்போது யார் பார்ப்பது? 1996இல் சட்டம் வந்தது. சுகப்பிரசவம் என்றால் 48 மணி நேரம், சிசேரியன் என்றால் 96 மணி நேரம். அதற்குள் காப்பீட்டை நிறுத்தக் கூடாது. தாயோடு கலந்து பேசி மருத்துவர் முன்னதாக அனுப்பலாம். ஆனால் சீக்கிரம் போனால் பணம் தருகிறோம் என்று காப்பீட்டு நிறுவனம் ஆசை காட்டக் கூடாது என்றும் எழுதினார்கள். மனிதர்கள் எந்த எல்லைக்குப் போவார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம்.

நம் நாட்டுக்கு வருவோம். நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாளும் சிசேரியனுக்கு ஏழு நாளும் சாப்பாடு. 48 மணி நேரம் தங்கியபின் வீடு வரை வண்டி. அந்த வண்டி சலுகை என்று நினைக்காதீர்கள். 48 மணி நேரத்தோடு சேர்த்து எழுதப்பட்ட பாதுகாப்பு அது. ‘எப்படிப் போவது’ என்ற கவலையால் யாரும் முன்கூட்டியே கிளம்பாமலிருக்க அது உதவுகிறது.

சட்டமும் பேசியிருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரைக் கல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், அவசர சிகிச்சை தராதது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது. 2010 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.முரளிதர் இரண்டு ஏழைப் பெண்களின் வழக்கைச் சேர்த்துத் தீர்ப்பளித்தார். ஒருத்தி பிரசவத்துக்குப் பின் இறந்துபோனவள். இன்னொருத்தி இடம் கிடைக்காமல் மரத்தடியில், பலர் பார்க்கப் பிள்ளை பெற்றவள். தாய்மைக் கால மருத்துவம் தயவல்ல, உரிமை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மரத்தடி என்று படித்தபோது எனக்குப் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது.

சட்டங்கள் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு வார்டில் சட்டப் புத்தகம் இருக்காது, நீங்கள் இருப்பீர்கள். மெய் வலி இல்லை என்று ஒருத்தியை அனுப்பும் முன் நான் பார்க்கச் சொல்வது இவை. இடைவெளி விட்டு இரண்டு பரிசோதனை, இரண்டுக்கும் நேரம் எழுதி. குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160க்குள் இருக்கிறதா? பனிக்குடம் உடைந்திருக்கிறதா? உதிரம் படுகிறதா? ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் வீட்டுக்கு அனுப்பும் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். 160/110 என்றால் ஓடிப்போய்க் கூப்பிடுங்கள். இதுவரை பாடம். அடுத்தது பாடத்தில் இல்லாத கேள்வி: ‘வீடு எவ்வளவு தூரம்மா? ராத்திரி வலி வந்தா வண்டிக்கு யாரு இருக்கா? போன பிரசவம் எத்தனை மணி நேரம் ஆச்சு?’ ஒரே மாதிரி திறப்புள்ள இரண்டு பெண்களில், எதிர்த் தெருக்காரி வீட்டுக்குப் போகலாம். மலைக்கிராமத்துக்காரி வராந்தாவிலாவது இருக்கட்டும்.

பிரசவித்தவளை அனுப்பும்போது இன்னும் கவனம் வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டதால் ஆபத்து முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 முதல் 2019 வரை 36 மாநிலங்களின் கர்ப்பம் சார்ந்த மரணங்களை ஆராய்ந்தது. 53 சதவீத மரணங்கள் பிரசவமாகி ஒரு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டுக்குள் நிகழ்ந்தவை. பத்தில் எட்டுக்கும் மேல் தடுத்திருக்கக் கூடியவை. அதாவது அங்கே இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிள்ளை பெற்று ஒரு வாரம் கழிந்த பிறகுதான் இறந்தார்கள்.

ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாளுக்குள் ஏறி உச்சம் தொடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது நன்றாக இருந்தவளுக்கு வீட்டில் தலை வெடிப்பது போல வலிக்கும்; கண் மங்கும். வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘தலைக்கு ஊத்தினது சேரல’, ‘பனி பட்டுருச்சு’. தைலம் தேய்த்துப் படுக்க வைப்பார்கள். அது வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனைந்தால், ‘அழுக்கு உதிரம் போனா நல்லது’ என்பார்கள். 100.4 டிகிரி காய்ச்சலைப் பால் கட்டிய காய்ச்சல் என்பார்கள். மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் அழுதுகொண்டே இருப்பது எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பெயர் உண்டு.

ஆகவே இந்த அடையாளங்களை டிஸ்சார்ஜ் சம்மரியின் ஆங்கிலத்தில் எழுதிப் பயனில்லை. அவளிடம் தமிழில் சொல்லுங்கள். அவளிடம் மட்டும் சொன்னால் போதாது; தாய்வீட்டில் முடிவெடுக்கும் அம்மாவிடமும், புருஷனிடமும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ‘இப்ப நீங்க சொல்லுங்க பார்ப்போம், எதுக்கெல்லாம் உடனே வரணும்?’ என்று திருப்பிக் கேளுங்கள். அவர்கள் வாயால் வந்தால்தான் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போயிற்றா என்றும் பாருங்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று தொடங்கி 42ஆம் நாள் வரை தாயையும் சிசுவையும் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நம் நாட்டு வழிகாட்டுதல் இருக்கிறது. முகவரி புருஷன் வீடாகவும், பெண் இருப்பது தாய்வீடாகவும் இருந்தால் நர்சம்மா பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும்.

கடைசியாக ஒரு காகிதம். ‘எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று கையெழுத்து வாங்குவோமே, அது. அந்தக் கையெழுத்து வாங்கியதும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியைச் சந்தேகப்படுங்கள். ஏன் போகிறார்கள் என்று கேளுங்கள். பில்லுக்குப் பயமா, வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையா, நாளை நாள் நன்றாக இல்லையா? பாதிக் காரணங்களுக்கு நம்மிடமே வழி இருக்கும். நான் சொன்ன அமெரிக்கச் சட்டமும், மறுப்பவரிடம் வெறும் கையெழுத்தைக் கேட்கவில்லை. போனால் வரும் ஆபத்தையும் இருந்தால் வரும் நன்மையையும் சொல்லிப் புரியவைத்தபின் மறுப்பை எழுதி வாங்கச் சொல்கிறது. அப்படியும் போனால், மருந்துச் சீட்டோடும், திரும்பி வர முகம் கொடுத்தும் அனுப்புங்கள். கோபித்து அனுப்பினால் ஆபத்திலும் திரும்பி வரமாட்டார்கள்.

விக்டோரியா நகரத்து நர்சிங் மேற்பார்வையாளரைப் போல உங்களில் யாராவது ஒரு நாள், என்னைப் போன்ற களைத்துப்போன டியூட்டி டாக்டர் முன் நிற்கவேண்டி வரும். சத்தம் போட வேண்டாம். கேஸ் ஷீட்டைத் திருப்பி வைத்து, ‘மேடம், முதல் பரிசோதனை ஆறு மணின்னு எழுதியிருக்கு. ரெண்டாவது நேரம் எழுதலையே?’ என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற யாராவது அதைக் கேட்டிருந்தால், ஏழு மணிக்கு நான் மறுபடி பார்த்திருப்பேன். அந்தப் பூக்காரம்மாளின் சேலை தப்பியிருக்கும்.